பல்லி மாஸ்டரின் துடக்கு

பல்லி குட்டி போட்டதற்காக, பிள்ளை பிறந்த வீட்டாரைப் போல முப்பத்தொரு நாள் கோயிலுக்கும் பிறர் வீட்டுக்கும் போகாமல் துடக்குக் காத்தவர் லண்டன் மாநகரில் ஒருவர்தான்: எங்கள் பல்லி மாஸ்டர். மறுக்க வந்தவர்களை அவர் விலங்கியலால் வீழ்த்தியிருக்கிறார்.

ஊரில் விலங்கியல் ஆசிரியர். வால்தம்ஸ்டோவில் பெற்றோல் நிலையக் காசாளர். எங்களுக்குப் பக்கத்து வீடு. அவருடைய கண்ணாடிப் பெட்டியில் கலிஃபோர்னியப் பாலைநிலத்துப் பல்லிகள் இரண்டு, விரலளவில் வாழ்ந்தன. இரவுப் பல்லி என்பது அறிஞர்கள் இட்ட பெயர். பகலிலும் மரப்பட்டைக்கடியில் அவை சுறுசுறுப்பாகத் திரிவதால், அறிஞர்கள் மீது மாஸ்டருக்கு மதிப்பில்லை.

"ஒரு பேரினம் அண்ணை, அதிலை கனக்க இனம். கல்வெடிப்புக்கை தட்டையாக் கிடக்கிறது ஒண்டு, இல்ஃபோர்ட்டிலை பெட்டி மாதிரிப் பொக்ஸ்றூமிலை நெருக்கிக்கொண்டு இருக்கிற எங்கடை பெடியள் மாதிரி. தீவிலை இருக்கிறது நல்லாப் பெருத்தது, எங்கடை தீவுக் கடைக்காரர் மாதிரி."

"நீங்கள் எந்த இனம், மாஸ்டர்?" என்றாள் என் மனைவி.

"ஆராய்ச்சி நடக்குது, அக்கா."

முதற்பேறு நிகழ்ந்தபோது கோயிற் குருக்கள் தொலைபேசியில் மன்றாடினார்.

"பல்லிக்கு என்ன துடக்கு, மாஸ்டர்?"

"முட்டை இட்டிருந்தா நீங்கள் சொல்லுறது சரி, ஐயா. இது குட்டியெல்லோ பெத்தது!"

"பெத்தது பல்லி. நீங்கள் இல்லையே?"

"ஒரே வீட்டிலை இருக்கிறம், ஐயா."

அந்த மாதக் கோயில் நிர்வாகக் கூட்டம், மாஸ்டர் இல்லாமல், அரை மணி நேரத்தில் இனிதே நிறைவுற்றது. சொந்தத் தங்கை மகளின் திருமணத்துக்கும் அவர் போகவில்லை.

மறு ஆண்டு பல்லி மீண்டும் சினையாயிற்று. அப்போது என் மனைவி படுக்கையை விட்டு எழ இயலாதவளாகியிருந்தாள். மிஞ்சிய காலத்தை மருத்துவர் வாரக்கணக்கில் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்த முறை குட்டியளை எனக்குக் காட்டுவீங்களோ, மாஸ்டர்?"

"முதல் ஆள் நீங்கள்தான், அக்கா."

செப்டெம்பர் இறுதியில் குட்டிகள் பிறந்தன. முப்பத்தொரு நாளை நான் நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாட்காலை அழைப்புமணி ஒலித்தது. வாசலில் மாஸ்டர், மேலங்கிக்குள் பெட்டியை அணைத்தபடி.

"துடக்கு?" என்றேன்.

"அது மனிசருக்கு அண்ணை," என்றார், என் முகத்தைப் பாராமல். "பல்லிக்கு ஆர் துடக்குப் பாக்கிறது? வழியை விடுங்கோ, குட்டியளுக்குக் குளிருது."

பெட்டியைப் படுக்கைமேல் வைத்தார். தீக்குச்சியளவில் இரண்டு. இமையற்ற கண்ணை ஒன்று நாக்கால் துடைத்துக்கொண்டது.

"ஐயோ, முகம் கழுவுது, மாஸ்டர்!" என்று அவள் சிரித்தாள்.

அந்த முப்பத்தொரு நாளை அவள் கடக்கவில்லை. அதற்குள் மாஸ்டர், பெட்டியும் கையுமாக, பதினொரு தடவை எங்கள் படியேறியிருந்தார்.