ஆளுநரின் இரண்டு கைகள்

பதினொரு மணிக்குக் கோப்பு வந்துவிடும். தீவின் ஆளுநர் குளியலறையில் நின்றுகொண்டு, நன்றாக இருந்த தன் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வடக்குக் கடற்கரையைத் தொண்ணூற்றொன்பது வருடத்துக்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் கோப்பு அது. அவருடைய மைத்துனரின் படகு நிற்பதும் அந்தக் கரையில்தான்.

"எங்க அண்ணன் படகை எங்க கொண்டுபோய் நிறுத்துவாரு? நீங்க கையெழுத்து போட்டா நானும் அவரோடயே போயிடறேன்" என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

கம்பெனியிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வராது. உட்காரும் நாற்காலி முதல் மாட்டியிருக்கும் மூக்குக்கண்ணாடி வரை அவர்கள் உபயம்.

வழுக்கி விழுந்து கை போய்விட்டதாக மேனேஜருக்குப் போன் செய்தார். மேனேஜர் உருகிப்போய், உடனே கம்பெனி டாக்டரை அனுப்பிவைத்தார். டாக்டர் தொடுவதற்கு முன்பே ஆளுநர் அலறியதால், முழங்கை வரை மாவுக்கட்டு விழுந்தது.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டு, இடது கை இருந்தாலே போதும் என்றார். இடது கையும் அப்போதே வலிக்கத் தொடங்கியது. அதற்கும் கட்டு.

மூன்றாவது போனில், ஒரு விரல் வெளியே இருந்தால்கூடச் சமாளித்துக்கொள்ளலாம் என்றார். ரேகை வாங்கப் பார்க்கிறார்கள் என்று ஆளுநருக்கு வியர்த்தது. மனைவி, நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல்களைப் பார்த்தாள்.

"எல்லா விரலையும் மூடிடுங்க டாக்டர். காத்து பட்டாக்கூட வலிக்குதாம்."

டாக்டர் போனதும் ஆளுநருக்கு மூக்கு அரித்தது. மனைவிதான் சொறிந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல் அவரைப் பார்த்தாள். ஏழு வருடப் பதவியில், கம்பெனி கேட்டு அவர் கொடுக்காமல் விட்டது இது ஒன்றுதான். அவர் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

பதினொரு மணிக்குக் கம்பெனியின் குமாஸ்தா பெண் வந்தாள். கையில் கோப்பு, தோளில் கேமரா. ஆளுநர் இரண்டு கட்டுகளையும் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களாம்மா? கையெழுத்து போட வழியே இல்ல. உங்க மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடுங்க."

குரலில் இருந்த கம்பீரம் அவருக்கே புதிது.

அவள் கோப்பை அவர் மடியில் விரித்து வைத்து, பேனாவை மாவுக்கட்டின் இடுக்கில் செருகிவிட்டு, இரண்டடி பின்னால் போனாள்.

"கையெழுத்தெல்லாம் எப்பவும் ஆபீஸ்லயே நான் போட்டுடுவேன் சார். நீங்க போடறது போட்டோவுக்குத்தான். கொஞ்சம் சிரிங்க."