எந்த வருஷத்து ரேட்டு?

"இங்க சாக்பீஸ்ல போட்ட கோட்டை யார் அழிச்சது?" என்று பெரியவன் கத்தியபோது லேத்துக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். லேத்துப் பட்டறையில் இராத்திரி ஷிப்டு முடிந்து வந்த மனுஷனை இன்னும் யாரும் படுக்க விடவில்லை.

"நான்தான் அழிச்சேன். அது உன் ரேட்டுக்குப் போட்ட கோடு" என்றான் சின்னவன்.

லேத்துக்காரரின் மனைவிக்கு ஒருவன் அண்ணன், இன்னொருவன் தம்பி. இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே வெளிநாட்டுக்குப் போய்க் கட்டட வேலையில் கம்பி கட்டினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் அப்பா இந்த வீட்டைக் கட்டினார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் ஊரோடு வந்துவிட்டார்கள். வந்த மாதமே பேச்சு முற்றி, நடுவில் சுவர் என்று முடிவானது. முன்பக்கம் பெரியவனுக்கு, பின்பக்கம் சின்னவனுக்கு. நடு எங்கே என்பதுதான் சண்டை.

லேத்துக்காரர் குடும்பத்தோடு இருப்பது வீட்டின் கடைக்கோடியில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். "மாப்ள இருக்கிற இடத்துல யாரும் கை வைக்க மாட்டோம்" என்று காலையில் பெரியவன் சொல்லியிருந்தான்.

மாதா மாதம் பணம் மாற்றும் கடையில் வரிசையில் நின்றவர் அவர்தான் என்பதால் கணக்கும் அவர் தலையில் விழுந்தது. அவருக்குத் தேதிகள் தங்காது, ரேட்டு தங்கும். மகள் பிறந்தபோது அந்த ஊர் நோட்டு ஒன்றுக்கு இங்கே பன்னிரண்டு ரூபாய். மாமனார் போனபோது இருபது.

வீட்டைக் கட்டிய அதே கொத்தனார், வாசலில் இறக்கிய செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, இந்தச் சுவரு விஷயமா..." என்று ஆரம்பித்தார்.

"நீ இருப்பா. கணக்கு முடியட்டும்" என்றான் பெரியவன். கொத்தனார் மறுபடி உட்கார்ந்தார். நாள் கூலி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அனுப்பினது அறுபதாயிரம் நோட்டு, இவன் நாப்பதாயிரம். அவ்வளவுதான் கணக்கு."

அந்தக் கணக்குக்குப் போட்ட கோட்டைத்தான் சின்னவன் காலால் தேய்த்திருந்தான்.

"சமையக்கட்டு உன் பக்கம் போனா நான் எங்க அடுப்பு வைக்கிறது? பின்னாடி பலகையத்தான் கழட்டணும். மச்சான், நீங்களே சொல்லுங்க. அண்ணன் அனுப்பினப்ப ரேட்டு என்ன?"

"பன்னெண்டு."

"நான் அனுப்பினப்ப?"

"இருபது."

"வீடு கட்டினது நம்ம ஊர்க் காசுல. பெருக்குங்க."

பெருக்கினார். பெரியவனுக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம், சின்னவனுக்கு எட்டு லட்சம். கோடு முன்னால் நகர்ந்தது. சமையல்கட்டு சின்னவன் பக்கம் போனது.

"அப்ப அந்தக் கடைசி அறையை எனக்குக் குடு. அடுப்பை அங்க போட்டுக்கிறேன்" என்றான் பெரியவன்.

"நீ முன்னாடி இருக்க. சமைக்கப் பின்னாடி போவியா?"

"சுத்திப் போவேன். உனக்கென்ன?"

தூக்கக் கலக்கத்தில் லேத்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். "எதுக்குப் பழைய ரேட்டு? ரெண்டையும் இன்னைக்கு ரேட்டுலயே போட்டுட்டா?"

இன்றைய ரேட்டு இருபத்திநாலு. பாதிப் பெருக்கலில் அவருக்கே உறைத்தது. சுற்றிச் சுற்றி அதே அறுபதுக்கு நாற்பது.

"பார்த்தியா, மாப்ளயே என் பக்கம்!" என்றான் பெரியவன்.

"மச்சான், உங்களுக்கு என்ன குடுத்தான் இவன்?"

அதோடு பெரியவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "ரேட்டை விடு. சிமெண்ட் என்ன விலைக்கு வித்துது? என் காசுல வாங்கின மூட்டையில பாதிகூட இவன் காசுல வரல." சிமெண்ட் கணக்கில் கோடு பலகையைத் தாண்டி லேத்துக்காரரின் கட்டிலுக்கு அடியில் போனது. கட்டிலை இழுத்துப் போட்ட அவர் மனைவி, "சாயங்காலத்துக்குள்ள கட்டிலு தெருவுக்கு வந்துடும்ல?" என்றாள்.

சின்னவன் உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினான். "நீ போனப்ப ஒரு நாள் கூலி அறுபது நோட்டு. என்னை ஏஜெண்டு ஏமாத்தி இருபதுக்குத் தள்ளிவிட்டான். நீ ஒரு நாள் வெயில்ல நின்னு வாங்கினதுக்கு நான் மூணு நாள் நின்னேன். இதுக்கு ரேட்டு சொல்லு."

கம்பி கிழித்த கைகள் பெரியவனுக்கும் இருந்தன. லேத்துக்காரர் குனிந்து இன்னொரு கோடு போட்டார். வெயில் கணக்கில் பெரியவன் நின்றது ஆயிரம் நாள், சின்னவன் இரண்டாயிரம்; பெரியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு.

"கூடத்துல நின்னுக்கிட்டே தூங்கவா நான்?" என்றான் பெரியவன், குரல் இறங்கி.

தரை முழுக்கச் சாக்பீஸ் கோடு. எந்த ரேட்டில் மாற்றினாலும் கடைசி அறைதான் சில்லறையாக உடைந்தது. அண்ணனும் தம்பியும் முற்றத்துக்குப் போய்க் கிசுகிசுத்தார்கள். அன்று முதல் தடவையாக ஒற்றுமையாகத் திரும்பி வந்தார்கள்.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க" என்றான் பெரியவன். "பின்னாடியும் சேர்ந்தாத்தான் ரெண்டு பேருக்கும் கட்டுப்படியாகுது. ஒரு மாசம் டைம் எடுத்துக்கோங்க."

படுக்க இடம் போகிறது என்பதைவிட, இப்போது படுக்க முடியாது என்பதுதான் லேத்துக்காரருக்கு முதலில் உறைத்தது. மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு மகளின் துணிகளைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

"கொத்தனாரே, முதல்ல அந்தப் பலகையைக் கழட்டு."

கொத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கழட்டலாம். ஆனா நீங்க போட்ட கோடு எதுலயும் சுவரு நிக்காது. அடியில வெறும் மண்ணு. ஒரு மழைக்கு உள்ள இறங்கிடும்."

"இதைக் காலையில சொல்ல வேண்டியதுதானே?"

"வாயத் தொறந்தேன். 'இருப்பா'ன்னீங்க. பசங்க ஒருநாள் சுவரு கேப்பானுங்கன்னு உங்கப்பா அன்னைக்கே தரைக்கு அடியில அஸ்திவாரம் போட வெச்சாரு. அது மேலதான் கட்ட முடியும்."

"எங்க? காட்டு!" என்றார்கள் இருவரும்.

கொத்தனார் கூடத்தில் நடந்தார். வெயில் கணக்குக் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கரணையால் தட்டினார். "இங்க ஒண்ணு." பிறகு சமையல்கட்டைத் தாண்டிப் போய், பலகைத் தடுப்புக்கு நேர் கீழே தட்டினார். "இங்க ஒண்ணு."

"ரெண்டு பேருக்கு எதுக்குய்யா ரெண்டு சுவரு?" என்றான் பெரியவன்.

"நானும் இதையேதான் கேட்டேன்" என்றார் கொத்தனார். "'யோவ், எனக்கு மூணு புள்ளைங்க'ன்னாரு."