வாழ்த்துப் படிவம் எண் ஒன்று

முகத்துக்கு நேரே ஒருவரைப் புகழ்ந்து பாடிப் பிழைப்பது தொழிலல்ல, நோய் என்பதை மனித குலத்துக்கு அறிவித்த பெருமை நைஜீரியாவின் இபாதான் நகரத்துத் திரு. ஒயேலாமி அவர்களையே சாரும். நோயைக் கண்டுபிடித்ததோடு அவர் நிற்கவில்லை. அரசுச் செலவில் பன்னிரண்டு வார சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார். அதன் பெயர் 'யொரூபா வாய்மொழி மரபுவழி இளைஞர் வாழ்வாதார மேம்பாட்டுத் திட்டம்'. அவர் அதன் ஒருங்கிணைப்பாளர்.

திட்டம் மிக நுட்பமானது. கல்யாண வீடுகளில் வந்தவர்களின் முன்னோரைப் புகழும் குலப்பாட்டுப் பாடி ஏற்கெனவே நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த முப்பது பேரைப் பிடித்து, கல்யாணம் நடக்கும் சனிக்கிழமைகளிலெல்லாம் ஓர் அரங்கில் உட்காரவைத்து, பாட்டால் சம்பாதிப்பது எப்படி என்று திரையில் வரைபடம் போட்டுக் காட்டுவது.

"சார், இன்னிக்கு மட்டும் மூணு கல்யாணம் போச்சு," என்றாள் மொராயோ. தொண்டையைத் திறந்தால் நாலு தெரு திரும்பிப் பார்க்கும் பெண்.

"போகட்டும்மா. அங்க போய் என்ன பண்ணுவே? சோத்துக்காக எவனோட தாத்தாவையோ புகழுவே. வெக்கமா இல்ல?"

"அந்தத் தாத்தா சிறுத்தையைக் கொன்னாரு சார்."

"நீ பாத்தியா?"

"உங்க படத்துல எங்க வருமானம் மேல மேல போகுதே, அதை நீங்க பாத்தீங்களா?"

ஒயேலாமி உடனே ஏழாம் விதியை இயற்றினார்: பயிற்சி பெறுவோர் எவரும் எவரையும் குலம் சொல்லிப் புகழலாகாது, மீறினால் சான்றிதழ் இல்லை. குலத்துக்கு ஒரு பாட்டு என்பதே கால விரயம் என்று கண்டு, எல்லாக் குலங்களுக்கும் பொதுவாக ஒரு வாழ்த்தையும் தாமே எழுதினார். பெயருக்கு மட்டும் கோடிட்ட இடம் விட்டிருந்தார்.

நிறைவு விழாவுக்கு அமைச்சர் ஒடெவாலே வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் திட்டம் இன்னும் ஓராண்டு ஓடும். போடாவிட்டால் திங்கட்கிழமை முதல் ஒயேலாமிக்கு நாற்காலி கிடையாது. முப்பது தொண்டைகளும் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பாடின:

"மாண்புமிகு ஒடெவாலே அவர்களே, உங்கள் குலம் தகுதி வாய்ந்த குலம். உங்கள் முன்னோர் உரிய முன்னோர். அவர்கள் ஆற்ற வேண்டியதை ஆற்றினார்கள்."

அமைச்சர் தம் அங்கியின் அகலக் கைகளைத் தோள்மேல் சுருட்டிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேட்டைக்காரன் வீட்டுப் பிள்ளைன்னு என் பேரே சொல்லுதே. குலம் கோத்திரம் இல்லாம சந்தையில கண்டெடுத்த பயன்னு நெனச்சீங்களா என்னை?"

கையெழுத்துக்காக வைத்திருந்த திட்டக் கோப்பைத் திறக்காமலே காருக்கு நடந்தார்.

ஒயேலாமி மொராயோவிடம் ஓடினார். "அம்மா தாயே, அவர் குலப்பாட்டைப் பாடேன்."

"விதி ஏழு சார். சான்றிதழ் போயிடும்."

"விதியைத் தளர்த்திட்டேன்."

"எழுத்துல குடுங்க."

கார் உறுமியது. "எழுத நேரம் ஏது?"

"அப்ப நீங்க பாடுங்க. விதி எங்களுக்குத்தானே. நான் அடி எடுத்துக் குடுக்கறேன்."

ஒருங்கிணைப்பாளர் காரின் முன்னால் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னாலிருந்து மொராயோ கிசுகிசுத்தாள். அவர் உரக்கச் சொன்னார்:

"சிறுத்தை ஒதுங்கி வழிவிடக் காட்டுக்குள் சீட்டியடித்துப் போனவர் பேரனே! குறி தப்பினாலும் கறி தப்பாத குலத்தவரே!"

கண்ணாடி இறங்கியது. பிறகு கதவு திறந்தது. "ம், மேல சொல்லு," என்றார் அமைச்சர். புகழ் ஏற ஏற அவர் தலை தொப்பிக்கு மீறிப் பருத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் பாடகிக்குச் செய்வதுபோலவே ஒரு நைரா நோட்டை எடுத்து ஒயேலாமியின் வியர்த்த நெற்றியில் ஒட்டினார். கோப்பை வாங்கி, கார் முகப்பில் வைத்துக் கையெழுத்திட்டார்.

மொராயோ திட்டத்தின் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தாள். 'வாய்மொழி மரபால் வாழ்வாதாரம் பெற்றவர்கள் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு நேரே 'ஒருவர்' என்று எழுதினாள்.

ஒயேலாமி இன்னும் எழுந்திருக்கவில்லை. தலையை லேசாகத் திருப்பி, அமைச்சருக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"ஏம்மா, இவரோட அம்மா வழிக் குலத்துக்கு என்ன பாடுவாங்க?"