வாத்துக்குள வீட்டுக்குக் கையெழுத்து வைக்காதேயும்

மவுண்ட் வெல்லிங்டன்,
ஓக்லண்ட்.

அன்பு மச்சான் கதிர்காமநாதன் அறிவது,

இங்கே உம்முடைய அக்கா புஷ்பவதியின் பிரஷரும் என்னுடைய சீனியும் டொக்டர் சொன்ன அளவைத் தாண்டாமல் நிற்கின்றன. அங்கே உம்முடையவையும் அப்படியே நிற்க முருகன் துணை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

லண்டன் வீட்டை விற்றுப்போட்டு, போன யூனில் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினீரே, அந்தச் சரித்திரப் புகழ்பெற்ற ஆங்கிலேயக் கிராமத்தில், வாத்துக்குளத்துக்கு எதிரே இருக்கிற வீட்டை வாங்கட்டோ என்று கேட்டிருந்தீர். அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்து வைக்கவேண்டுமாம். வைக்காதேயும். போனில் சொன்னால் கதையை மாற்றிப்போடுவீர் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

அந்த வீட்டுக்கு ஐந்நூறு வயது என்று பெருமையாகச் சொன்னீர். ஐந்நூறு வருடமாக அந்த வாசல் நிலையைக் கொஞ்சம் உயர்த்த ஒருத்தனுக்கும் மனம் வரவில்லையா? உள்ளே போகும்போது ஒருமுறையும் வெளியே வரும்போது ஒருமுறையும் என் தலை இடிபட்டது. பிறகு, அந்தக் காலத்தில் குற்றவாளியின் காலை மாட்டிவைத்த மரக்கட்டையைக் காட்டினீர். இப்போது சனம் வரிசையில் நின்று, தானாகக் காலை மாட்டிப் படம் எடுக்கிறது. குளத்தடியில் வாத்துக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக்கூடாது என்று பெரிய பலகை எழுதி நட்டிருக்கிறார்கள். மனிசர் இரண்டு மணிக்குப் பிறகு சாப்பிடப் போனால் குசினி பூட்டியாச்சு என்கிறார்கள். இதைப் பார்க்க இருபத்தாறு மணித்தியாலம் பிளேனில் வந்தோம் என்று நினைக்க எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தேவாலயம். எந்தக் கடவுளானாலும் கடவுள்தானே என்று நானும் அக்காவும் வாசல் மண்டபத்தில் காலணியைக் கழற்றினோம். நல்லூரில் பழகின கால்கள், வேறு என்ன செய்யும்? அங்கே சுவரோரமாகப் பழைய உடுப்புப் பைகளும் பெட்டிகளும் அடுக்கியிருந்தன. என்னுடைய புதுச் சப்பாத்தை அவற்றின் பக்கத்தில் ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்தேன். பயணத்துக்கென்றே இங்கே பார்த்துப் பார்த்து வாங்கின மண்ணிறச் சப்பாத்து. உள்ளே கல்லறைமேல் கல்லாய்ப் படுத்திருந்த பிரபுவையும் கண்ணாடிச் சித்திரங்களையும் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பைகளும் இல்லை, பெட்டிகளும் இல்லை, சப்பாத்தும் இல்லை. முற்றத்தில் கூடாரம் போட்டுத் தேவாலயக் கூரைக்கு நிதி சேர்க்கும் பழம்பொருள் விற்பனை நடந்துகொண்டிருந்தது. மேசையடியில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். அவ என் கையைப் பிடித்து நன்றி சொன்னா. முதலில் விலைப்பட்டது அதுதானாம். அக்காவின் செருப்பு மட்டும் மேசையிலேயே கிடந்தது, ஒருவரும் வாங்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நீர் என்ன செய்தீர்? மதிலில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர். உம்முடைய மனிசி கண்ணை மூடின பிறகு நீர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அதனால்தான் அந்த இடத்தில் உம்மை ஏசாமல் விட்டேன்.

அந்த அம்மா இரங்கி சேற்றுக்குப் போடுகிற ரப்பர் கம்பூட்ஸ் ஒரு சோடி தந்தா. என் இரண்டு காலையும் ஒன்றிலேயே விடலாம். அதை இழுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்கு வந்தால், அங்கே பணிசுக்கு முதலில் ஜாம் பூசுவதா, கிறீம் பூசுவதா என்று படித்த கிழவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டும் போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதானே. அந்த நேரம் பக்கத்து மேசையில் ஒருவர் காலை நீட்டினார். என்னுடைய சப்பாத்து. காலையில்தான் வாங்கினாராம், இருபது வருடமாக நோகிற கால் இன்றைக்குத்தான் நோகவில்லையாம். நான் என்ன சொல்வது? நல்ல சப்பாத்து என்று சொல்லி, மழையில் போடவேண்டாம் என்று புத்தியும் சொன்னேன். மனிசன் எழும்பி வந்து எனக்கும் உமக்கும் கை தந்துவிட்டுப் போனார். இப்போது ஒவ்வொரு புதன்கிழமையும் உம்மைச் சீட்டு விளையாடக் கூப்பிடுகிறாராம். அவரை நம்பியா நீர் வீடு வாங்கப்போகிறீர்?

யோசித்துப் பாரும். அங்கே ஆரோடு தமிழில் கதைப்பீர், வாத்தோடா? இங்கே எங்களுக்குப் பக்கத்து வீடு வாடகைக்கு வருகிறது. சொந்தக்காரரிடம் உமக்கென்று சொல்லி மறித்து வைத்திருக்கிறேன். எரிமலை வேண்டுமா, வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. டெய்ரி என்கிற சில்லறைக் கடை மூலையில் இருக்கிறது. மகள் கஜந்தினி இங்கே ஓக்லண்டிலேயே இருக்கிற எப்சத்திலிருந்து ஞாயிறு தவறாமல் வருவாள், வேலை இல்லாத ஞாயிறுகளில். பேரப்பிள்ளைகள் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீசில் மறுமொழி சொல்வார்கள். மற்ற ஆறு நாளும் நானும் அக்காவும் இருக்கிறோம். வயதுபோன காலத்தில் ஒன்றாக இருப்பம் என்று சொன்னது நீர்தான், நான் இல்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துசேரும். நோய்நொடி அண்டாமல், நல்ல புத்தியும் துணைவர எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு
அத்தான் ஏரம்பமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்ட முதல் அக்கா இதை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுச் சொன்னாள், "அவன் இஞ்ச வந்தால் உங்களுக்குச் சந்தோசம். அவனுக்கு எங்க சந்தோசமெண்டு ஒருக்கா யோசிச்சனீங்களோ?" பக்கத்து வீட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். நீர் கையெழுத்தை வையும். வைக்க முதல், கீழே உள்ள சின்ன அறைக்குள் இரண்டு கட்டில் போடலாமா என்று அளந்து பாரும். மேயில் வந்து மூன்று மாதம் நிற்போம். இந்த முழங்காலோடு அந்த மாடிப்படி எனக்கு ஏற ஏலாது.