மணிக்கூண்டு எங்கே?

"தாடையை இறக்கு. இன்னும் கொஞ்சம். போதும். காது ரெண்டும் தெரியட்டும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

ஸ்டுடியோக்காரம்மா தாடையை இறக்கினாள். கம்பளிக் குல்லாயைப் பின்னால் தள்ளிக் காதுகளை வெளியே விட்டாள். இதற்காகவே காத்திருந்தது போலக் குளிர் காதுக்குள் புகுந்தது.

"கண்ணாடியைக் கழட்டு."

"கழட்டினா மணிக்கூண்டு எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்கத்தானே ஒன்பது மணி நேரம் பறந்து வந்தோம்?"

"சரி, இருந்துட்டுப் போகட்டும். சிரிக்காதே."

"நான் எங்க சிரிச்சேன்? குளிர்ல பல்லு ஆடுது."

போனில் 'க்ளிக்' என்று சத்தம் வந்தது. ஸ்டுடியோக்காரர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போன்ற பார்வை அது. பிறகு மனைவியிடம் நீட்டினார்.

படத்தில் அவள் முகம் இருந்தது. மூக்கு நட்டநடுவில் இருந்தது. காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"ஏங்க, மணிக்கூண்டு எங்கே?"

"அதோ" என்று கட்டைவிரலால் தன் முதுகுப் பக்கம் காட்டினார்.

"அது என் முதுகுக்குப் பின்னால இல்ல இருக்கணும்?"

"அந்தப் பக்கம் எதிர்வெயில்மா. முகம் கரிக்கட்டையா வரும். இந்தச் சுவரைப் பாரு, என்ன ஒரு சுவர்! ஒரு ஆணி அடிச்ச ஓட்டை கிடையாது."

முப்பத்தொரு வருஷமாக, ஊரில் பாஸ்போர்ட் ஆபீசுக்கு நேர் எதிரே ஸ்டுடியோ வைத்திருப்பவர் அவர். கல்யாண ஆர்டர் எடுப்பதில்லை. கேட்டால், "அங்க ஆளுங்க ஆடிக்கிட்டே இருப்பாங்க" என்பார். பாஸ்போர்ட் போட்டோ மட்டும்தான். அவர் எடுத்த படம் ஒன்றுகூட "செல்லாது" என்று திரும்பி வந்ததில்லை. ஆபீசில் இருப்பவர்களே, "எதிர் ஸ்டுடியோ படமா? அப்ப வைங்க" என்று வாங்கிக்கொள்வார்கள். இதை ஸ்டுடியோக்காரம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் அவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

ஆனால் இப்போது அவளுக்கு வேண்டியது பாஸ்போர்ட் போட்டோ இல்லை. போன வருஷம் அக்காவும் அத்தானும் வெளிநாடு போய், குடும்பக் குரூப்பில் நானூறு படம் போட்டிருந்தார்கள். ஒன்றில் அக்கா ஒரு கோபுரத்தின் உச்சியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்திருந்தாள். முப்பத்து நாலு பேர் இருக்கிற குரூப்பில் அந்தக் கிள்ளல் ஒரு வருஷம் ஓடியது. கல்யாணமாகி முப்பது வருஷம் முடிந்ததென்று மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தபோது, ஸ்டுடியோக்காரம்மா வேண்டிக்கொண்டது ஒன்றுதான். நானூறு வேண்டாம். பின்னால் மணிக்கூண்டு தெரிய ஒரே ஒரு படம். தானும் வந்தேன், பார்த்தேன் என்பதற்கு ஒரு சாட்சி.

ஓட்டல் அறையில் மட்டும்தான் நெட் கிடைத்தது. சாயங்காலம் திரும்பியதும் இருக்கிற படத்தை அனுப்பினாள். அரை நிமிஷத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, வெளிநாட்டுக்குக் கிளம்பலையா இன்னும்?"

"கிளம்பலையாவா? இங்கதான்க்கா இருக்கோம். அது மணிக்கூண்டுக்கு எதிர்ல எடுத்தது."

"மணிக்கூண்டு எங்கேடி?"

"எதிர்லதான் இருக்கு."

"ஓ" என்றாள் அக்கா. அந்த 'ஓ' மிகவும் நீளமாக இருந்தது.

மறுநாள் கோட்டை. ஸ்டுடியோக்காரம்மா வாசலிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கு எனக்குப் பின்னால கோட்டை வேணும். முகம் கரிக்கட்டையானாலும் பரவாயில்லை."

"என் கையால உன் மூஞ்சியக் கரிக்கட்டை ஆக்கச் சொல்றியா?" உண்மையிலேயே புண்பட்டுப்போய்க் கேட்டார். ஆனாலும் மனைவி கேட்டதற்காக அவளைக் கோட்டைப் பக்கம் நிறுத்திப் பார்த்தார். தலைக்கு மேலே ஒரு கொடிக்கம்பம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இடது பக்கம் நகரச் சொன்னார். காதிலிருந்து ஒரு மரம் கிளம்பியது. வலது பக்கம் நகரச் சொன்னார். தோளில் ஒரு பீரங்கி ஏறி உட்கார்ந்தது.

"தலைக்குப் பின்னால எதுவும் முளைக்கக் கூடாதும்மா. அது தொழில்லயே கிடையாது."

"முளைக்கட்டுங்க. அது முளைக்கத்தான் வந்திருக்கோம்."

முக்கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் கோட்டைக்கு எதிரே இருந்த சாம்பல் நிறச் சுவருக்கு வந்து சேர்ந்தார்கள். படம் அற்புதமாக வந்தது.

அன்று சாயங்காலம் அக்காவின் குரல் குரூப்பிலேயே ஒலித்தது. "நேத்து வெள்ளைச் சுவர், இன்னிக்குச் சாம்பல் சுவர். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களா என்ன?"

பதினாறு பேர் சிரித்திருந்தார்கள். ஸ்டுடியோக்காரம்மா ஆத்திரத்தோடு வீடியோ கால் போட்டாள்.

"பாருக்கா! இது ஓட்டல் ரூம்!"

"பின்னால வெள்ளைச் சுவர்தான் தெரியுது."

"இரு, ஜன்னலைத் திறக்கிறேன்."

திறந்தாள். அடுத்த கட்டிடத்தின் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"உங்க வீட்டுக் கொல்லைப்பக்கமும் இப்படித்தானே இருக்கும்?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க அத்தான் இப்பத்தான் உங்க வீட்டுப் பக்கம் போயிட்டு வந்தார். வாசல்ல பூட்டுத் தொங்குது. ஆனா உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்குதாம்."

ஸ்டுடியோக்காரம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் தன் போனில் சாம்பல் சுவர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஹால் ஃபேனை நிறுத்தினீங்களா?"

"கடைசியா வந்தது நீதானே?"

"செருப்பை மறந்துட்டேன்னு திரும்ப உள்ள போனது யாரு?"

அவர் மறுபடி படத்தைப் பார்க்கக் குனிந்துகொண்டார். அக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது; ஆள் வீட்டுக்குள்ளேதான் என்று முடிவுகட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சித்தி ஒரு செய்தி போட்டாள்: 'பாவம், ஏதோ கடைசி நேரத்துல போக முடியாமப் போயிருக்கும். கௌரவத்துக்காக வெளியில பூட்டிக்கிட்டு உள்ள இருக்காங்க. யாரும் துருவிக் கேக்காதீங்க.' அதன் கீழே இருபத்திரண்டு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

கிண்டலையாவது தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை. ஸ்டுடியோக்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி மணிக்கூண்டுக்கே போனார்கள். அவள் புருஷனைப் படம் எடுக்க விடவே இல்லை. வழியில் போன நெட்டையான சுற்றுலாக்காரர் ஒருவரை நிறுத்தி, மணிக்கூண்டைக் காட்டி, தன்னைக் காட்டி, தன் போனை அவர் கையில் திணித்தாள். புரிந்துகொண்டு நெட்டையர் போனைத் தூக்கினார்.

ஸ்டுடியோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். நெட்டையர் ஒற்றைக் கையால் போனைப் பிடித்ததும் அவரால் முடியவில்லை. பாய்ந்து போய் அவர் முழங்கைகளை விலாவோடு சேர்த்து வைத்தார். முதுகை நிமிர்த்தினார். "மூச்சைப் பிடிங்க" என்று தமிழிலேயே சொன்னார். நெட்டையர் பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார். அதில் அவருடைய கட்டைவிரல் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

அதோடு விட்டாரா? எப்படி எடுக்க வேண்டுமென்று காட்டுவதற்காக நெட்டையரையே சுவரோரம் நிறுத்தித் தாடையை இறக்கி, அவர் போனிலேயே ஒன்று எடுத்துக் கொடுத்தார். நெட்டையர் அதைப் பார்த்தார். கண்களை அகலத் திறந்தார். ஓடிப்போய்த் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அரை மணி நேரத்தில் அந்தச் சுவர் முன்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். அவ்வளவு பேருடைய கோட்டும் பையும் ஸ்டுடியோக்காரம்மாவின் கைகளில் இருந்தன.

கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனால் கடைசியாக நின்ற வயதானவர் தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஸ்டுடியோக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாரே, அப்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாஷை தெரியாத ஊரிலும் தன் வீட்டுக்காரருக்கு ஒரு வரிசை நிற்கிறது! "என் வீட்டுக்காரர்" என்று நெட்டையரின் மனைவியிடம் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டலுக்கு ஓடினார்கள்.

வேறு வழியில்லாமல் கட்டைவிரல் படத்தை அனுப்பினாள். "இது யாரு விரல்?" என்றாள் அக்கா. "வீட்டுக்குள்ள இன்னும் யாராவது இருக்காங்களா?"

நாலாம் நாள் காலையில் ஸ்டுடியோக்காரம்மாவுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. பாஸ்போர்ட்! அதில் இந்த நாட்டு முத்திரை குத்தியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரித்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தால், எந்தச் சுவர் முன்னால் நின்றால்தான் என்ன? அரசாங்க முத்திரையை அக்காவால் என்ன செய்ய முடியும்?

அன்று பார்க்க வேண்டியது பழைய பாலம். நடுப்பாலத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். ஸ்டுடியோக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாஸ்போர்ட்டும் முகமும் ஒரே படத்தில்!

"காதை மறைக்காதே. கொஞ்சம் தள்ளிப் பிடி. இன்னும் தள்ளி. வெயில் பட்டு மினுங்குது பாரு, சாய்ச்சுப் பிடி. இன்னும்..."

இன்னும் தள்ளி, இன்னும் சாய்த்துப் பிடித்தாள். ஒரு காற்று வந்தது. பாஸ்போர்ட் முத்திரையோடு ஆற்றில் விழுந்தது. இரண்டு வாத்துகள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு விலகிப் போயின.

மறுநாள் மத்தியானம் விமானம். இருவரும் விழுந்தடித்துக்கொண்டு தங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்காக அழவில்லை. கை கூப்பிய அந்த இருபத்திரண்டு பேருக்காக அழுதாள்.

"என்னாலதான்" என்றார் ஸ்டுடியோக்காரர் மெதுவாக. "ஒரே ஒரு மணிக்கூண்டு கேட்ட. முப்பத்தொரு வருஷமா மூஞ்சிய மட்டுமே பார்த்துப் பழகிட்டேன். உண்மையச் சொல்லட்டுமா? இந்த ஊர்ல எதையுமே நான் சரியாப் பார்க்கல. உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

தூதரகத்தில் இருந்த அதிகாரி நல்ல வேளையாகத் தமிழ் பேசினார். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. நாளைக்குக் காலையில தற்காலிகப் பாஸ்போர்ட் குடுத்துடலாம். போட்டோதான் வேணும். பின்னால வெள்ளையா, முகம் நேரா, காது ரெண்டும் தெரியற மாதிரி. அதுக்கு ஒரு ஸ்டுடியோ தேடிப் போகணும். இந்த ஊர்ல எடுக்கிறது பாதி தேறாது."

ஸ்டுடியோக்காரர் எழுந்து நின்றார். நாலு நாளாகக் குளிரில் குறுகியிருந்த மனிதர் ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

"எத்தனை வேணும் சார்? நாப்பத்தேழு இருக்கு."

"நாப்பத்தேழா!"

"இவர் எடுத்த படம் ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை சார்" என்றாள் ஸ்டுடியோக்காரம்மா. அழுத கண்ணோடுதான் சொன்னாள். ஆனாலும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

அதிகாரி எல்லாப் படங்களையும் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னார். போன் திரையில் உள்ளங்கையளவு இருந்த முகம், அங்கே ஒரு முழ அகலத்துக்கு விரிந்தது. "பிரமாதம்" என்றார். இன்னும் பெரிதாக்கினார். புருவத்தைச் சுருக்கினார். அடுத்த படத்துக்குப் போனார். அதையும் பெரிதாக்கினார். தலையை ஆட்டினார். பத்துப் படம், இருபது படம். பக்கத்து மேசைப் பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் குனிந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சார்?" என்றார் ஸ்டுடியோக்காரர். "வெளிச்சம் சரியில்லையா? தாடையா?"

"தாடையெல்லாம் பிரமாதம். ஆனா ஒண்ணுகூடச் செல்லாது சார்."

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஸ்டுடியோக்காரம்மாவுக்கு வந்ததே ஒரு கோபம்!

"எப்படிச் செல்லாமப் போகும்? என்ன குறை கண்டீங்க? சொல்லுங்க!"

அதிகாரி பதறிப்போய்க் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, உங்க மூக்குக் கண்ணாடியப் பாருங்க: இதுல மணிக்கூண்டு, மணி பத்தேகால்னுகூடத் தெரியுது, இதுல கோட்டை, கொடி உட்பட, நீங்க சுத்திப் பார்த்த ஊரு மொத்தமும் உங்க ரெண்டு கண்ணுலயும் இருக்கும்போது, இதை எப்படிம்மா நான் வெறும் முகம்னு எடுத்துக்க முடியும்?"