சம்பந்தி வீட்டுக்கு ஒரு பூட்டு

வாசற்கதவில் பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, ஒரு கொக்கிகூட இல்லை. பூட்டுக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்ற ஒரே மகளை இந்த வீட்டுக்கா அனுப்பப்போகிறார்?

"கதவு எப்பவும் இப்படித்தான் திறந்து கிடக்குமா?"

"ஆமா சம்பந்தி," என்று தேநீரை நீட்டினார் மாப்பிள்ளையின் அப்பா. "இருக்கறதைக் குடு, எல்லாரையும் நம்புன்னு புத்த விகாரையில சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். வேறு யாரிடமாவது சொல்லலாம், பூட்டுக்கடைக்காரரிடமா? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எவனோ ஒரு புண்ணியவான் இவர் கடைப் பூட்டையே திறந்து, உள்ளே அடுக்கியிருந்த பூட்டுகளை எல்லாம் சாவியோடு அள்ளிக்கொண்டு போனான். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவர் தன் நிழலைக்கூட நம்புவதில்லை.

இந்தச் சம்பந்தி மீதும் அவருக்குச் சந்தேகம்தான். "ஒண்ணுமே வேண்டாம், பொண்ணை மட்டும் அனுப்புங்க" என்று எந்த மனுஷன் சொல்வான்? போதாக்குறைக்கு, எத்தனை தடவை அழைத்தும் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் மகள் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "அப்பா, அங்க போய் வாயைத் திறக்காதீங்க. இந்தக் கல்யாணம் நின்னா எனக்கு வேற கல்யாணமே வேண்டாம்."

வாயைத்தானே திறக்கக் கூடாது. பையைத் திறக்கலாமே.

அதற்கும் வேளை வந்தது. எதிர்வீட்டில் யாரோ மாடிப்படியில் வழுக்கி விழுந்த சத்தம் கேட்டு, சம்பந்தியும் அவர் மனைவியும் போட்டது போட்டபடி ஓடினார்கள். "அடுப்புல பால் இருக்கு. வீட்டைப் பாத்துக்குங்க அண்ணா" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா படியிறங்கினாள்.

இரண்டு தடவை பார்த்த ஆளிடம் முழு வீட்டையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். பூட்டுக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, தன் கடையிலேயே உசத்தியான பூட்டைப் பையிலிருந்து எடுத்துக் கதவில் பொருத்தினார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். திருடனின் பாட்டனே வந்தாலும் திறக்க முடியாது. வெளியே நின்று அழகு பார்க்கக் கதவை இழுத்தார்.

டக்.

சாவி உள்ளே மேசைமேல். ஜன்னல் கம்பி வழியே குடைக்காம்பை விட்டு இழுத்துப் பார்த்தார். சாவி கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. பதறிப்போய்ப் பூட்டை ஒரு கல்லால் தட்டினார். தட்டினால் பூட்டின் இரண்டாவது நாக்கும் இறங்கி இறுகிவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்பவரே அவர்தான். அது தட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

உள்ளே பால் கருகும் நாற்றம். எட்டிப் பார்த்தால் அடுப்புப் பக்கத்துத் திரைச்சீலை எரிந்துகொண்டிருந்தது. போச்சு, வீடும் போச்சு, மகள் கல்யாணமும் போச்சு.

புகையைக் கண்டு சம்பந்தி மனைவியோடு ஓடி வந்தார். "யாரு பூட்டினது?"

"நான்தான். ஒரு பாதுகாப்புக்கு... கதவை உடைச்சிடலாம் சம்பந்தி."

"அதுக்குள்ள எல்லாம் எரிஞ்சிடும்."

சம்பந்தி அந்தப் பூட்டைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வேண்டாங்க" என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள். அவர் அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குனிந்தார்.

டக். டக்.

உள்ளே ஓடி ஒரு வாளித் தண்ணீரில் தீயை அணைத்துவிட்டு வந்தவர், முகமெல்லாம் கரியாக, தலை நிமிராமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பூட்டுக்கடைக்காரர் திறந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செஞ்சவனாலேயே இதைத் திறக்க முடியாதே. எப்படி சம்பந்தி?"

சம்பந்தியின் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இனிமே பூட்டையே தொடமாட்டேன்னு விகாரையில சத்தியம் பண்ணவரு அண்ணா, அதான் வீட்டுல ஒண்ணுகூட வெச்சுக்கலை, சத்தியத்துக்கு முன்னாடி கடைசியா அவர் தொட்டது உங்க கடைப் பூட்டைத்தான்."