குடியை நிறுத்தக் குவாட்டரோடு போனவன்

காரைக்காலில் ஒருவன் குடிப்பதை யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. குடியை நிறுத்தப் போவதைத்தான் மறைக்க வேண்டும். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அப்போதெல்லாம் வராத மானம், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகலாம் என்று முடிவெடுத்ததும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

முடிவெடுக்க வைத்தவள் என் மனைவி செல்வி. மகள் யாழினியைக் கூட்டிக்கொண்டு போலகத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "நிறுத்துறேன்னு சொல்லிக்கிட்டு வராதீங்க. நிறுத்திட்டு வாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். இந்த முறை அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். சாந்தமான குரல் ஒன்று, "காரைக்கால்லயே கூட்டம் இருக்குங்களே, உங்க வீட்டுக்குக் கிட்டதான்" என்றது.

"வேற ஊர்ல இல்லீங்களா?"

"நாகப்பட்டினத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம்."

சரக்கு மலிவு என்று தமிழ்நாட்டுக்காரர்கள் குடிப்பதற்காக எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறார்கள். நிறுத்துவதற்காக எல்லை தாண்டி அந்தப் பக்கம் போன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மாஸ்க், கழுத்தைச் சுற்றி செல்வியின் துப்பட்டா. (எங்கள் ஊரில் ஹெல்மெட் போட்டாலே திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.) இந்தக் கோலத்தில், கொளுத்தும் வெயிலில், ஸ்கூட்டரில் எல்லையான கீழவாஞ்சூரைத் தாண்டினேன். சோதனைச் சாவடியில் நின்ற ஏட்டையாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வண்டிய ஓரங்கட்டுங்க. எத்தனை பாட்டில்?"

"பாட்டிலே இல்லீங்க. குடிய நிறுத்துற கூட்டத்துக்குப் போறேன்."

"இங்க நின்னு எவ்வளவோ கதை கேட்டிருக்கேன். இது புதுசு. சீட்டத் தொறங்க."

தியாகியைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திறந்தேன். மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு சின்ன வெள்ளை சாக்ஸ். சாக்ஸுக்குள் சீல் உடைக்காத குவாட்டர்.

வைத்தது நான்தான், சந்தேகமில்லை. எப்போது என்றுதான் தெரியவில்லை. ஒளித்து வைப்பதில் எனக்கிருந்த திறமை, ஒளித்த இடத்தை நினைவில் வைப்பதில் இருந்ததில்லை.

"கூட்டத்துல எல்லாருக்கும் ஆளுக்கொரு வாயா?" என்றார் ஏட்டையா. "உங்களத் தெரிஞ்சவங்க யாரையாவது வரச் சொல்லுங்க."

பக்கத்தில் எனக்கிருந்த ஒரே ஆள் போலகத்து மச்சான். போனைப் போட்டேன். அவர் பைக்கில் வந்தார். பின்னால் செல்வி.

பாட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. கூட்டம், நாகப்பட்டினம், சத்தியம் என்று நான் உளறினேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. இத்தோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது அவள் அந்தச் சாக்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இது யாழினி யூகேஜில போட்டது. இந்த ஒத்த சாக்ஸத் தேடி வீட்டையே பொரட்டிப் போட்டேன். அவ இப்ப ரெண்டாவது படிக்கிறா." பிறகு ஏட்டையாவிடம் திரும்பினாள். "சார், இது இன்னிக்கு வாங்குனது இல்ல. இருக்குன்னு தெரிஞ்சிருந்தா இவரு விட்டு வச்சிருக்கவே மாட்டாரு."

என் நேர்மைக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

ஏட்டையா என் கையாலேயே அதைச் சாலையோரம் கொட்டச் சொன்னார். (கொட்டி முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டேன். போலீஸ் பயம் என்று மச்சானிடம் சொல்லிவைத்தேன்.) செல்வி துப்பட்டாவை என் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். "கூட்டம் எத்தன மணிக்கு?"

மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த அறையில் கூட்டம் ஆரம்பித்திருந்தது. செல்வி சிவந்த கண்களோடு முன்னால் நுழைந்தாள். நான் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தலைமையில் இருந்தவர் எழுந்து அவளை வரவேற்றார்.

"வாங்கம்மா. இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. தைரியமா பேசுங்க."

உடனே திருத்தியிருக்க வேண்டும். என் வீரம்தான் தெரியுமே, டீக் குவளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நான் குடிக்கிறதில்லீங்க. இவருதான்" என்று ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் யாழினி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள் என்று சொன்னாள். அது எனக்குத் தெரியாது. பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

என் முறை வந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த உரையில் ஒரு வரிகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். எழுந்து நின்றேன்.

"அவங்க சொன்னதெல்லாம் நெசந்தாங்க."

அறையே சிரித்தது. செல்வியும் சிரித்தாள். அன்றிரவே யாழினியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கூட்டத்துக்கே நடந்து போகிறேன், முகத்தைத் திறந்துகொண்டு. அந்த வரி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. செல்வி என்னைத் திட்டி முடித்ததும், அதைச் சொன்னால்தான் சாப்பாடு.

போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். யாழினி வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள், வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, பக்கத்துப் பிள்ளையின் டிபனைத் தின்கிறாள் என்று டீச்சர் அடுக்கிக்கொண்டே போனார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் யாழினி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மிஸ் சொன்னதெல்லாம் நெசந்தாங்க."